குளிர்ந்த தரையும் திதிட்சையும்

குளிரும் வெப்பமும் புலன்களின் தொடர்பால் வந்து போகிறவை, அவற்றைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று கீதையில் நாள்தோறும் பாராயணம் செய்கிற ஒருவர், தம் வீட்டுக் கான்கிரீட் தளத்தில் புதிதாக டைல் பதிக்கும்முன், அந்தத் தளத்தின் குளிர் காலுக்கு ஏறிவராதபடி வெப்பக் காப்புப் பலகைகளைப் பரப்புவதற்குப் பணமும் உழைப்பும் செலவிடுவது தகுமா என்று கேட்டால், அந்தக் கேள்வி முதலில் மிகச் சிறியதாகத்தான் தோன்றும். கனடாவில், டொரான்டோ நகரத்தில் வாழும் ஈழத்தமிழ்க் குடும்பம் ஒன்றில், நிலவறையில் அமைந்த பூஜை அறையைப் புதுப்பிக்க முனைந்த மகனிடம் வயது முதிர்ந்த தாயார் இதைக் கேட்டார் என்று அறிந்தேன். "எனக்காண்டி இந்தச் செலவு ஒண்டும் வேண்டாம் தம்பி, குளிரைப் பொறுக்கத்தானே பகவான் சொல்லியிருக்கிறார்" என்பது அந்த அம்மையாரின் வாதம். மகனுக்கு அதற்கு ஏற்ற விடை கூறத் தெரியவில்லை. ஆயினும் பலகை இடும் எண்ணத்தை அவர் கைவிடவும் இல்லை. தாயார் சொன்னது சரி. மகன் செய்ய நினைத்ததும் சரி. இவ்விரண்டும் எவ்வாறு ஒருங்கே சரியாகக்கூடும் என்பதைச் சற்று விரிவாகவே ஆராய விரும்புகிறேன்.

டொரான்டோவில் கட்டும் வீட்டின் அஸ்திவாரம் தரைமட்டத்துக்குக் கீழே 4 அடி ஆழமாவது செல்ல வேண்டும். குளிர்காலத்தில் மண் உறைகிற ஆழம் அங்கு ஏறத்தாழ அவ்வளவு. அப்படித் தோண்டிய இடத்தை வீணாக்காமல் வாசத்துக்குரியதாக ஆக்கிக்கொண்டதே, அங்குள்ள தமிழர் பேஸ்மென்ட் என்று வழங்கும் நிலவறை. பழைய வீடுகள் பலவற்றில் அதன் தளம் மண்ணின்மேலோ சரளைக்கற்களின்மேலோ நேராக வார்த்த வெறும் கான்கிரீட்டாகவே இருக்கும். ஆழத்து மண்ணின் வெப்பநிலை அந்தந்த ஊரின் ஆண்டுச் சராசரியை ஒட்டி நிற்பது இயற்கையாதலால், டொரான்டோவில் அது 10 பாகையை ஒட்டியும், யாழ்ப்பாணத்தில் 28 பாகை அளவிலும் இருக்கிறது. பங்குனி, சித்திரை வெயிலில் சிவப்புச் சாயம் கலந்து மெருகிட்ட சீமெந்துத் தரையில் பாய்கூட விரிக்காமல் படுத்து, அதன் தண்மையைச் சுகம் என்று அனுபவித்த அதே உடம்பு, மார்கழியில் டொரான்டோ நிலவறையின் தரையில் வெறுங்காலோடு நின்று தீபாராதனை முடிவதற்குள் கணுக்கால்வரை வலிக்கிறது என்று முறையிடுகிறது. இரண்டு தரைகளும் மணலும் கல்லும் சிமெண்டும் கலந்தவையே. பூஜை அறையில் காலுறையோ செருப்போ அணிய அந்தத் தலைமுறையினர் உடன்படுவதும் இல்லை. ஆகவே, அங்கே தரைக்கும் மனிதருக்கும் இடையில் வேறொன்றும் இல்லாத நேரடியான ஸ்பரிசம் நிகழ்கிறது. அந்த ஸ்பரிசத்தில் தோன்றுகிற குளிர் எதனுடைய குணம் என்பதைத் தெளிந்துகொண்டால்தான், அதைப் பொறுப்பதா, தடுப்பதா என்ற தர்மவிசாரத்துக்குள் நாம் நுழைய முடியும்.

நம்முடைய தர்க்க சாஸ்திரம் இந்த வினாவை எதிர்கொண்டிருக்கிறது என்பது பலருக்கு வியப்பளிக்கக்கூடும். ஸ்பரிசம் என்ற குணத்தை வைசேஷிகர் மூன்றாக வகுத்தனர்: குளிர்ந்தது, சூடானது, இரண்டுமல்லாதது. குளிர்ந்த ஸ்பரிசம் நீருக்கே உரியது. சூடான ஸ்பரிசம் தேயுவுக்கே உரியது. மண்ணுக்கும் காற்றுக்கும் உரியது இரண்டுமல்லாத ஸ்பரிசம். கல் என்பது மண்ணின் வகையாதலால், இயல்பாக அது குளிர்ந்ததும் அன்று, சூடானதும் அன்று. அப்படியானால் கற்றளத்தில் கை வைத்தவன் அது குளிர்ந்திருக்கிறது என்று உணர்கிறானே, அந்த உணர்வு எங்கிருந்து வந்தது? பதினேழாம் நூற்றாண்டில் தர்க்கசங்கிரகம் என்ற பாலபாடத்தையும், அதற்குத் தீபிகை என்ற உரையையும் தாமே இயற்றிய அன்னம்பட்டர், கற்றளத்தின் குளிர்ச்சியையே உதாரணமாக எடுத்துக்கொண்டு இந்த ஐயத்தைத் தீர்க்கிறார். கல்லில் தோன்றும் குளிர் கல்லினுடையது அன்று, அதனோடு சம்பந்தப்பட்ட நீரினுடையது என்பது அவர் முடிபு. நிலவறைத் தளத்தை ஆடி மாதத்துப் புழுக்கத்தில் பார்த்தவர்கள் இந்த முடிபை எளிதில் ஒதுக்கமாட்டார்கள். ஏனெனில், ஈரம் நிறைந்த கோடைக் காற்று குளிர்ந்த கான்கிரீட்டைத் தொட்டதும் தளம் முழுவதும் வியர்த்து நீர் அரும்பிவிடுகிறது. இன்றைய பௌதிகம் காரணத்தையும் காரியத்தையும் மாற்றி வைத்து, தளத்தின் குளிர்தான் நீரை வரவழைத்தது என்று கூறும். நீர்த்துளி ஒன்றும் இல்லாமல் உலர்ந்து கிடக்கும் தளமும் குளிரத்தானே செய்கிறது என்றும் மறுக்கும். அந்த மறுப்பு நியாயமானதே. எனினும் அன்னம்பட்டரின் முடிபைவிட அவர் சென்ற வழியையே நான் பெரிதாக மதிக்கிறேன். ஒரு பொருளில் உணரப்படுகிற குணம் அந்தப் பொருளுக்கே உரியதாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை, சேர்க்கையால் வந்ததாகவும் இருக்கலாம் என்ற எச்சரிக்கை அந்த வழியில் இருக்கிறது.

மேல்நாட்டில் ஜான் லாக் என்ற தத்துவாசிரியர், 1690-ஆம் ஆண்டிட்டு வெளியான தம் பெருநூலின் இரண்டாம் பகுதியில், ஒரே நீர் ஒரு கைக்குக் குளிர்ந்ததாகவும் மற்றக் கைக்குச் சூடானதாகவும் தோன்றக்கூடும் என்பதை எடுத்துக்காட்டி, நாம் உணரும் குளிரும் சூடும் நீரில் அவ்வாறே உறைபவை அல்ல என்று நிறுவினார். அவருக்குப் பின் வந்த பெர்க்லி, 1713-இல் வெளியிட்ட உரையாடல் நூலில் அதே உதாரணத்தைக் கைக்கொண்டு, வெளிப்பொருளே மனத்துக்குப் புறம்பாக இல்லை என்ற எல்லைவரை சென்றுவிட்டார். அவ்வளவு தூரம் நாம் போக வேண்டியதில்லை. பௌதிகம் காட்டும் நடுவழி போதும்: தோலில் உள்ள நரம்புமுனைகள் தரையின் வெப்பநிலையை அறிவதில்லை, தோல் எவ்வளவு விரைவாகத் தன் வெப்பத்தை இழக்கிறது என்பதையே அறிகின்றன. 15 பாகையில் நிற்கும் கான்கிரீட்டை 30 பாகை வெப்பமுள்ள உள்ளங்கால் தொட்ட அந்தக் கணத்தில், இரண்டும் சந்திக்கும் பரப்பு ஏறக்குறைய 21 பாகைக்கு இறங்கிவிடுகிறது. அதே 15 பாகையில் பக்கத்தில் கிடக்கும் மரப்பலகையைத் தொட்டால் அந்தச் சந்திப்பு 26 பாகை அளவில் நின்றுவிடுகிறது. கான்கிரீட் மரத்தைவிடப் பத்து மடங்குக்கும் மேலாக வெப்பத்தைக் கடத்தி உள்ளே இழுத்துக்கொள்வதே இதற்குக் காரணம். ஒரே அறையில் ஒரே வெப்பநிலையில் உள்ள இரு பொருள்களில் ஒன்றைக் குளிர் என்றும் மற்றதை இதம் என்றும் சொல்கிறோம் என்றால், குளிர் தரையில் மட்டும் இல்லை, காலில் மட்டும் இல்லை, இரண்டும் கூடுகிற இடத்தில் பிறக்கிறது என்பது தெளிவு. குளிரையும் வெப்பத்தையும் தருபவை ஸ்பரிசங்களே என்று கீதையின் இரண்டாம் அத்தியாயம் கூறுவதும் இந்த உண்மையைத்தான்.

குளிர் கூட்டத்தில் பிறக்கிறது என்றால், அதற்குப் பரிகாரமும் அந்தக் கூட்டத்திலேயே, இரண்டுக்கும் நடுவிலேதான் அமைய வேண்டும். வேலை தெரிந்தவர்கள் முதலில் தளத்தின் மீது இரண்டடிச் சதுரமான பிளாஸ்டிக் தாள் ஒன்றை நான்கு ஓரமும் ஒட்டி, ஓரிரு நாள் விட்டு எடுத்து, அடியில் ஈரம் கோத்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். மண்ணின் ஈரம் கான்கிரீட்டின் நுண்துளைகளின் வழியாக ஏறிவருவதாக இருந்தால், அதற்கு வழி செய்யாமல் மேலே எதை மூடினாலும் பூஞ்சணமே மிஞ்சும். பிறகு வெடிப்புகளை அடைத்து, மேடுபள்ளங்களைச் சமன் செய்து, ஓர் அங்குலம் முதல் இரண்டு அங்குலம்வரை கனமுள்ள கெட்டியான நுரைப்பலகைகளை இடைவெளியின்றிப் பொருத்தி, இணைப்புகளை நாடா ஒட்டி மூடி, அவற்றின்மீது பிளைவுட்டை இரண்டு அடுக்காக, ஓர் அடுக்கின் இணைப்பு மற்றதன் இணைப்பின்மேல் வராதபடி முடுக்கி, அதற்கும் மேலே தளம் அசைந்தாலும் டைல் வெடிக்காமல் காக்கும் விரிப்பை ஒட்டிய பின்னரே டைலைப் பதிப்பார்கள். உயரம் போதாத நிலவறைகளில், இருபுறமும் சிமெண்டு பூசிய மெல்லிய நுரைப்பலகைகளை டைல் ஒட்டும் கலவையாலேயே கான்கிரீட்டில் ஒட்டிவிடுவதும் உண்டு. பலகை மெத்தென்று அமுங்குவதாக இருக்கக்கூடாது. அமுங்கினால் டைல்களின் இடைவெளிகளில் இட்ட பூச்சு பிளந்துவிடும். இத்தகைய பலகை, கான்கிரீட் கடத்துகிற வெப்பத்தில் நாற்பது ஐம்பதில் ஒரு பங்கையே கடத்துகிறது. ஆயினும், இவ்வளவும் செய்த பின்னரும் டைல் குளிராமல் போய்விடுவதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மண்ணோடு அதற்கிருந்த உறவு அறுந்து, அறையின் வெப்பத்தோடு உறவு ஏற்பட்டு, 15 பாகையில் நின்ற பரப்பு 20 பாகையை நெருங்குகிறது. காலும் டைலும் சந்திக்கும் இடம் 24 பாகை அளவில் நிற்கிறது. வலி நீங்குகிறது, ஆனால் முதல் அடி வைக்கையில் சிலிர்ப்பு இருக்கத்தான் செய்கிறது. மனிதன் செய்யும் எந்தப் பிரதிகாரமும் ஸ்பரிசத்தை அடியோடு நீக்குவதில்லை. பொறுப்பதற்குரிய எச்சம் ஒன்று எப்போதும் இருக்கிறது.

இனி அம்மையாரின் வாதத்துக்கு வருவோம். சங்கரர் பெயரால் வழங்கும் விவேகசூடாமணி, திதிட்சையை வரையறுக்கும்போது, துன்பங்களைப் பரிகாரம் தேடாமலும், கவலையும் புலம்பலும் இல்லாமலும் பொறுத்தல் என்று மிகக் கண்டிப்பாக இலக்கணம் வகுக்கிறது. பரிகாரம் தேடாமை என்ற அந்த நிபந்தனையே இங்கு முட்டுக்கட்டையாக நிற்கிறது. நுரைப்பலகை பரிகாரமன்றி வேறென்ன? சிலர் இதற்கு, அந்த இலக்கணம் சந்நியாசிக்கு உரியது, கிருகஸ்தனுக்கு அன்று என்று எளிதாக விடையளித்துவிடுவார்கள். அது அரை உண்மை. கிருகஸ்தன் திதிட்சை பழகவே வேண்டாம் என்றால், கீதை அதைப் போர்க்களத்தில் நின்ற ஒரு கிருகஸ்தனுக்கு உபதேசித்திருக்காது. ஆனால், அதே அர்ஜுனன் கவசம் பூண்டு தேரில் நின்றவன். ஸ்பரிசங்களைப் பொறு என்று உபதேசித்த சாரதி, அந்தக் கவசத்தைக் கழற்றி எறி என்று ஓரிடத்திலும் சொல்லவில்லை. உடலுக்கு வரும் ஊறுகளைத் தக்கபடி தடுப்பதும், தடுத்ததற்கு மேலும் வருவதைக் கலங்காமல் ஏற்பதும் ஒரே மனிதனிடத்தில் ஒருங்கே இருக்கக்கூடும் என்பதை அந்தக் காட்சியே காட்டுகிறது.

இதைவிட முக்கியமானது வேறொன்று. திதிட்சைக்கு இலக்கணம் வகுத்த சாஸ்திரங்கள் யாவும், அதைத் தன் துன்பத்தைத் தான் பொறுத்தல் என்ற பொருளிலேயே பேசுகின்றன. பிறன் காலில் ஏறுகிற குளிரை நான் பொறுத்துக்கொள்வது என்பது நடக்கக்கூடிய செயலே அன்று. அந்தக் குளிர் என் அனுபவத்துக்கு வருவதே இல்லை. அதைப் பொறு என்று அவனுக்குச் சொல்லும்போது நான் எந்தத் தவத்தையும் செய்யவில்லை, செலவை மிச்சப்படுத்திக்கொள்கிறேன். ஆகவே, எனக்கு வேண்டாம் என்று தாயார் சொல்வது திதிட்சை. அம்மா பொறுத்துக்கொள்வார் என்று மகன் சும்மா இருந்திருந்தால் அது அலட்சியமாகியிருக்கும்.

குளிரைப் பொறுப்பதில் சமணத் துறவியரினும் கடுமையானவரைக் காண்பது அரிது. உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம் துறவி வெல்ல வேண்டிய இருபத்திரண்டு பரீஷகங்களை எண்ணும்போது, பசி, தாகம் என்ற இரண்டுக்கும் அடுத்தபடியாகக் குளிரை வைக்கிறது. அத்தகைய துறவியர் தங்கிய குகைகள் மாங்குளத்திலும் சித்தன்னவாசலிலும் புகழூரிலும் இன்றும் இருக்கின்றன. அந்தக் குகைகளின் தரையைக் குனிந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்: பாறையைச் செதுக்கி, சமன்படுத்தி, தலைப்பக்கத்தில் தலையணைபோல் மேடு விட்டு, படுக்கைகளாக ஆக்கியிருக்கிறார்கள். மழைநீர் குகைக்குள் வழிந்துவிடாதபடி மேற்பாறையின் விளிம்பில் காடி வெட்டியிருக்கிறார்கள். புகழூரில் உள்ள தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, சேரர் குலத்தவன் ஒருவன் இளவரசனானபோது ஒரு சமண முனிவருக்காக அந்த உறையுள் வெட்டப்பட்டது என்று தெரிவிக்கிறது. கல்லின் கடுமையைப் பொறுப்பேன் என்று விரதம் பூண்டவர் முனிவர். அவருக்காகக் கல்லைச் செதுக்கச் செய்தவன் அரசமகன். அவர் பொறுப்பாராதலால் கரடுமுரடான பாறையே போதும் என்று இவன் எண்ணவில்லை. இவன் மழமழப்பாக்கித் தந்துவிட்டானாதலால் தம் விரதம் கெட்டது என்று அவரும் எண்ணவில்லை. டொரான்டோவின் தாயாரும் மகனும் இந்த இருவருடைய இடத்தில்தான் நிற்கிறார்கள்.

பௌத்தர்களின் விநயபிடகத்தில் மகாவக்கம் என்ற பகுதி கூறும் ஒரு வரலாறு இவ்விஷயத்தில் எனக்கு மிகவும் பிரியமானது. ராஜகிருகத்திலிருந்து வைசாலிக்குச் செல்லும் வழியில், தலையிலும் தோளிலும் இடுப்பிலும் துணி மூட்டைகளைச் சுமந்து வரும் பிக்ஷுக்களைக் கண்ட புத்தர், இவர்கள் இவ்வளவு விரைவில் மிகுதியான உடையின் வசப்பட்டுவிட்டனரே என்று வருந்தி, எவ்வளவு துணி போதும் என்று ஓர் எல்லை வகுக்க எண்ணினார். அந்த எல்லையை அவர் யோசனையால் மட்டும் வகுக்கவில்லை. வைசாலியில் கோதமகம் என்ற சைத்தியத்தில், பனி பெய்கிற கடுங்குளிர் இரவொன்றில், ஒரே ஆடையோடு வெட்டவெளியில் அமர்ந்தார். முதல் யாமம் கழிந்ததும் குளிர்ந்தது; இரண்டாவது ஆடையைப் போர்த்தினார். நடு யாமம் கழிந்ததும் மூன்றாவது. இரவு வெளுக்கும் வேளையில் நான்காவது. அதற்கு மேல் குளிரவில்லை. அந்த அளவை வைத்துக்கொண்டு, ஒன்று இரட்டையாகத் தைத்தது, மற்ற இரண்டும் ஒற்றை என மூன்று ஆடைகளை அனுமதித்தார். குளிரைத் தாங்கமாட்டாத மென்மையான உடலோடு சங்கத்துக்கு வந்தவர்களுக்கும் இது போதும் என்பதே அவருடைய கருத்து. தம் உடலைக் குளிருக்குக் கொடுத்து அளந்தவர், அந்த அளவைப் பிறருடைய மென்மையை நினைத்து விதியாக்கினார். அதே நூலில் சோணன் என்ற செல்வர் மகனின் வரலாறும் வருகிறது. உள்ளங்காலில் இரத்தம் கசிய நடந்து தவம் செய்த அவருக்குப் புத்தர் ஒற்றைத் தோல் செருப்பை அனுமதித்தபோது, எனக்கு மட்டும் என்றால் வேண்டாம், சங்கம் முழுமைக்கும் தந்தால் நானும் அணிவேன் என்று அவர் மறுத்துவிட, எல்லோருக்கும் அது அனுமதிக்கப்பட்டது.

எல்லோருக்கும் என்ற அந்தச் சொல்லை நிலவறை வீடுகளில் நினைக்காமல் இருக்க முடியாது. மேல்தளத்தில் உரிமையாளரும், நிலவறையில் புதிதாக நாட்டுக்கு வந்த வாடகைக் குடும்பமும் வாழும் வீடுகள் அங்கே ஏராளம். வெப்பமூட்டும் கருவியின் விசை மேல்தளத்தில் இருக்கும். கீழே இருப்பவர் குளிருக்குக் கம்பளம் விரித்துக்கொள்வார். பூஜை அறைக்குப் பலகை இட்டுவிட்டு, வாடகைப் பகுதிக்கு வெறும் கான்கிரீட்டின் மேலேயே டைலை ஒட்டிவிடும் உரிமையாளரை எந்தப் பாராயணமும் காப்பாற்றாது என்பது என் உறுதியான எண்ணம். டைல் பதித்தபின் அதன் கீழே எதையும் நுழைக்க முடியாது. உடைத்துத்தான் எடுக்க வேண்டும். இனி முப்பது நாற்பது ஆண்டுகள் அந்தத் தரையில் காலூன்றப் போகிறவர்கள், தவழப் போகிற குழந்தைகள் உட்பட, இப்போது பலகை இடாமல் விட்டதன் பலனை அனுபவிப்பார்கள். அவர்களில் ஒருவரையும் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். பலகையோ கண்ணுக்குத் தெரியாமல் கீழே கிடப்பது. விருந்தினர் எவரும் அதைக் கண்டு பாராட்டப் போவதில்லை.

சௌகரியத்துக்கு முடிவேது என்ற ஆட்சேபம் எஞ்சி நிற்கிறது. இன்று பலகை, நாளை டைலுக்கடியில் மின்சாரக் கம்பி, மறுநாள் அதற்கொரு கடிகாரம் என்று ஆசை வளருமே என்பார்கள். வளரக்கூடியதுதான், அதனால்தான் நான்காவது ஆடையோடு நின்ற அந்த இரவை நான் குறிப்பிட்டேன். மண் உறிஞ்சுகிற வெப்பத்தைத் தடுப்பது ஒரு முறை செய்து முடியும் காரியம். அதற்குப்பின் அது எதையும் கேட்பதில்லை. கம்பியோ ஒவ்வொரு நாளும் மின்சாரம் கேட்பது. அடியில் பலகை இல்லாமல் அதைப் பதித்தால் அதன் வெப்பத்தில் பெரும்பங்கு மண்ணைச் சூடாக்கவே போகும். மூட்டு வாதத்தால் வருந்துபவர்களுக்கும் நோயாளிகளுக்கும் அதுவும் வேண்டியதாகலாம். மற்றவர்களுக்குப் பலகை போதும், அதற்கு மேலுள்ள சிலிர்ப்பு கீதையின் பங்கு என்று நான் சொல்வேன்.

இவ்வளவு நேரம் வீட்டில் வாழ்பவர்களைப் பற்றியே பேசிவிட்டோம். டைல் பதிக்கிற தொழிலாளி தை மாதத்து உறைபனியில் அந்த வெறும் கான்கிரீட்டின்மேல் காலைமுதல் மாலைவரை முழந்தாளிட்டு வேலை செய்கிறார். சிமெண்டுக் கலவை குளிரில் சரியாக இறுகாது என்பதால், அதன் பொருட்டு அறையை இத்தனை பாகைக்குக் குறையாமல் வைக்க வேண்டும் என்று கலவைப் பையின்மேலேயே அச்சிட்டிருக்கிறார்கள். அவருடைய முழங்காலுக்கு அப்படியொரு விதியை யாரும் அச்சிடவில்லை. அவர் அந்தக் குளிரைப் புலம்பாமல் பொறுக்கிறார், பரிகாரமும் தேடுவதில்லை. ஆனால் அதைத் திதிட்சை என்று சொல்ல எனக்கு நா எழவில்லை, ஏனெனில் அவர் அதைத் தேர்ந்துகொள்ளவில்லை. வேலை தொடங்குவதற்கு முந்தைய நாளிலிருந்தே நிலவறையைச் சூடாக வைக்கும்படி அந்த மகனிடம் நான் சொல்வேன். பலகைகளைப் பரப்பி முடித்த அன்றிலிருந்து அந்தத் தொழிலாளியும் கான்கிரீட்டின்மேல் முழந்தாளிட வேண்டியதில்லை. டைல்களை அவர் பலகையின் மேலிருந்தே பதிப்பார், அந்தக் காப்பின் பலன் வீட்டாருக்குக் கிடைப்பதற்கு முன்பே அவருக்குக் கிடைத்துவிடும்.